செவலைக்காக ஓட்டிய ஜெட்

பழனாத்தாள் சைக்கிள் ஏறியதில்லை. மாட்டு வண்டியில்கூட முன்னால் உட்கார்ந்து கயிறு பிடித்ததில்லை. ஆனால் எழுபத்தேழாம் வருஷத்துக்குப் பிறகு, வேலந்தாவளம் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "ஜெட் ஓட்டின அம்மிணி கடைக்குப் போங்கொ" என்றுதான் சொன்னார்கள்.

வடகரப்பதிப் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் சோளக்காடும் கடலைக்காடும் இருந்தன. அதைக் கணவன் காளிச்சாமி பார்த்துக்கொண்டார். சந்தை நாளில் மட்டும் பழனாத்தாள் மாட்டுச் சந்தையின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்றில் அடுப்பு மூட்டுவாள். பால் சொந்தப் பால்; செவலை என்கிற பசுவினுடையது. அவள் போட்ட டீயைக் குடித்த தரகர்கள், மாட்டைப் பற்றிச் சொல்வதைவிட அதிகமாக அந்தப் பாலைப் பற்றி உண்மை சொன்னார்கள்.

அந்த வருஷம் மழை விட்டதும் வண்டிப்பெரியாரிலிருந்து அழகுமலை ஒரு ஜெட் விளையாட்டு மிஷினோடு வந்து இறங்கினான். தேயிலை பேக்டரியில் மெக்கானிக்காக இருந்தவன். ஏதோ ஒரு பொருட்காட்சியில் ஓடித் தேய்ந்த மிஷினை வாங்கி, தானே பழுது பார்த்து, சந்தை சந்தையாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். டீக்கடைக்கு எதிரே கூடாரம் அடித்தான்.

ஆளுயரப் பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் நீல ஆகாயம், பஞ்சுப் பொதி போல மேகம், குறி பார்க்க ஒரு வட்டம், ஓரத்தில் ஆட்ட நேரத்தை எண்ணும் கடிகார முள். அதில் எதிரி ஜெட்டுகள் சீறிக்கொண்டு வரும், குறுக்கே பாயும். நம் கைக்கு ஒரு கம்பு, கம்பின் தலையில் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் தடதடவென்று துப்பாக்கிச் சத்தம். பட்டால் எதிரி இருந்த இடத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் வெடித்து, மேலே நம்பர் ஒன்று கூடும். பத்து விழுந்தால் மணி அடிக்கும். அடுத்த ஆட்டம் சும்மா.

முதல் வாரம் சந்தையே அங்கே போய்த் தோற்றது. எல்லாம் வண்டி ஓட்டுகிற கைகள். எதிரி ஜெட் மூஞ்சிக்கு நேராக வந்ததும் கை தன்னால் கம்பைப் பின்னுக்கு இழுத்தது, வாய் "ஹோவ், ஹோவ்" என்றது. கயிற்றை இழுத்தால் காளை நிற்கும். கம்பை இழுத்தால் ஜெட் நிற்குமா? அது செங்குத்தாக ஏறி மேகத்துக்குள் போய்விடும். ஆடியவர் அங்கே ஒரு ஈயைக்கூடப் பார்க்காமல் வெளியே வருவார்.

"அண்ணே, இது மாடு இல்லண்ணே" என்று அழகுமலை கத்துவான். "இழுத்தா மேல ஏறும். முன்னால தள்ளுனா கீழ எறங்கும். ப்ளேன் நிக்கிற எடத்துல சுடாதீய, வரப்போற எடத்துல சுடுங்க."

இதையே அவன் நாள் முழுக்கக் கத்தியதில், எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த பழனாத்தாளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கம்பை இழுக்காமல் பழகிய ஒரே ஆள் ஈஸ்வரமூர்த்தி. நிறைய மாடும் நிலமும் உள்ளவர், குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பவர். ஒருமுறை ஒன்பது ஜெட் வீழ்த்தினார். மணி மட்டும் அவருக்கும் அடிக்கவில்லை.

மிஷினுக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது, கூடாரத்துக்குப் பின்னால் இருந்த நஞ்சப்பனின் மாவு மில். இரண்டுக்கும் ஒரே லைனில் கரண்ட். மில் ஓட ஆரம்பித்தால் பழனாத்தாளின் கொட்டகை பல்பு பீர்க்கம்பூ மாதிரி மஞ்சளாகும். எதிரே ஜெட்டுகள் சினை எருமை போல நடக்கும். அதனால் மில் சத்தம் கேட்டால் அழகுமலை காசை வாங்க மாட்டான். "கொஞ்சம் இருங்கண்ணே, வானத்துல கரண்ட் பத்தல" என்பான்.

தை பிறந்து இரண்டாவது சந்தை. பழனாத்தாள் பாய்லரிலிருந்து தலையைத் தூக்கியபோது, மாட்டு வரிசையில் செவலை நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் காளிச்சாமி.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். "ஏனுங்க, இது எதுக்கு இங்க வந்துச்சு?"

"வித்தாச்சு" என்றார் காளிச்சாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கோணும்? நீ தொட்டா கோயில் செலையாட்ட நிக்குது. நாந் தொட்டா ஒதைக்குது. போன வாரம் உன்ற அண்ணன் முன்னால என்னைத் தூக்கித் தண்ணித் தொட்டியில போட்டுச்சு. ஊட்டுல ஒண்ணு அது இருக்கோணும், இல்ல நா இருக்கோணும்."

"அப்ப நீங்க போயிருக்கலாமுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தத் துண்டுக்கடியில்தான் விரல் பிடித்து விலை பேசி முடித்திருந்தார்கள். அப்படிப் பேசியதை விற்கிறவன் மாற்ற முடியாது. மாற்றினால் அப்புறம் அவன் மாட்டைச் சந்தையில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு கட்டுகிற வரைக்கும் மாடு விற்றவனுடையதுதான். அதுவரை வாங்குகிறவர் வேண்டாம் என்று சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை.

தரகர் புதுக் கயிறு வாங்கப் போயிருந்தார். வாங்கியவர் ஈஸ்வரமூர்த்தி. கயிறு வரட்டும் என்று கூடாரத்துக்குள் ஜெட் ஓட்டிக்கொண்டிருந்தார். பழனாத்தாள் உள்ளே போனபோது நம்பர் எட்டில் நின்று ஆட்டம் முடிந்தது.

"வாம்மிணி. ஒரு டீ சொல்லலாம்னு இருந்தேன்."

"டீ தர்றனுங்ண்ணா. செவலைய உட்டுருங்கொ."

"அதெப்படி உடறது? உன்ற டீயக் குடிச்சுக் குடிச்சுத்தான அந்தப் பால்மேல எனக்கு ஆசையே வந்துச்சு?" சிரித்தார். தப்பாகச் சொல்லவில்லை; உண்மையைத்தான் சொன்னார்.

பழனாத்தாள் மிஷினைப் பார்த்தாள். மேலே எட்டாம் நம்பர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "நா ஒரு ஆட்டம் ஆடறனுங். இந்த எட்டுக்கு மேல உழுந்தா செவலைய உடறீங்களா?"

கூடாரமே சிரித்தது. காளிச்சாமி வாசலில் நின்று, "மானத்த வாங்காத புள்ள" என்றார்.

"நீங்க தொட்டிக்குள்ள உழுந்தப்பவே அது போயிருச்சுங்க."

ஈஸ்வரமூர்த்திக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. "சரி அம்மிணி. ஒன்பது உழுந்துச்சுன்னா மாட்ட நீயே ஓட்டீட்டுப் போ. இத்தனை பேர் சாட்சி."

"அடுப்பப் பாத்துட்டு இதா வந்தறனுங்" என்று பழனாத்தாள் வெளியே போனாள். அடுப்பைப் பார்க்கத்தான் செய்தாள். பிறகு கொட்டகைக்கு வெளியே, வெயிலில் காய வைத்திருந்த மிளகாய், மல்லிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தாள்.

"நஞ்சப்பா, இத அரைச்சு வையி. ஆனா நா அந்தக் கூடாரத்துக்குள்ள போனப்பறம் ஓட்டு."

"எதுக்குங்க்கா?"

"உனக்கு வருஷம் பூரா டீ குடுக்கறது எந்த மாடு?"

நஞ்சப்பனுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது கூடாரத்தில் நிற்க இடமில்லை. தரகர் புதுக் கயிற்றைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார். பழனாத்தாள் முந்தானையைச் செருகிக்கொண்டு நாலணாவைப் போட்டாள். மேகம் நகர்ந்தது.

முதல் ஜெட் சீறி வந்தது. அவள் கம்பை இழுக்கவில்லை. வண்டிக் கயிறு பிடித்துப் பழகாத கை. ஆனால் பொத்தானை அமுக்குவதற்குள் அது தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள், விழுந்தது. அடுத்து வந்த நாலும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தன.

மில் சத்தம் வரவில்லை. உள்ளே நஞ்சப்பன் கழன்றுபோன மில் பெல்ட்டை மாட்டப் போராடிக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடிகார முள் பாதியைத் தாண்டியதும், வெளியே செவலை ஒருமுறை கத்தியதும்தான்.

"ஒண்ணு" என்று காளிச்சாமி சத்தமாக எண்ணினார்.

அப்போது கூடாரத்தின் பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்டது. பல்பு மஞ்சளாயிற்று. ஆகாயத்தில் பாய்ந்துகொண்டிருந்த ஜெட்டுகள், வாய்க்கால் வரப்பில் நடக்கிற மாதிரி வரிசையாக, நிதானமாக வந்தன. கடிகார முள்ளும் அவற்றோடு சேர்ந்து தூங்கிப்போனது.

வரப்போற எடத்துல சுடோணும். பழனாத்தாள் வட்டத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தாள். வந்தது, சுட்டாள். அடுத்தது வந்தது. இரண்டு, மூன்று, நான்கு. யார் எண்ண ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, ஆறு வரும்போது கூடாரமே எண்ணியது. ஒன்பதுக்குக் காளிச்சாமியின் குரலும் கேட்டது. அவரையறியாமல் வந்திருக்க வேண்டும். உடனே வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பத்தாவது ஜெட் மேகத்திலிருந்து மூக்கை நீட்டியதும் விழுந்தது.

மணி அடித்தது. அழகுமலையே அதுவரை அந்த மணியைக் கேட்டதில்லை.

சத்தத்துக்கு நடுவே ஈஸ்வரமூர்த்தி தும்மினார். பிறகு தரகர் தும்மினார். பிறகு எல்லோரும். மிளகாய் நெடி படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் பல்பைப் பார்த்தார். மில் பக்கம் காது கொடுத்தார்.

"ஏனம்மிணி, அங்க அரையறது யாரூட்டு மொளகா?"

பழனாத்தாள் கம்பை விடாமல் நின்றாள். "எங்கூட்டுதுங்ண்ணா."

தும்மல் அடங்கிப்போயிற்று. ஈஸ்வரமூர்த்தி தரகர் பக்கம் திரும்பினார். "கயிறு மாத்தியாச்சா?"

"இன்னும் இல்லீங்."

"கயிறு மாத்தற வரைக்கும் யார் என்ன பண்ணுனாலும் அது யேவாரம். நாம மாட்டுப் பல்லைத் தேய்ச்சு வயசக் கொறைக்கறதில்லையா, கொம்புக்கு எண்ணெ பூசறதில்லையா?" மறுபடி குலுங்க ஆரம்பித்தார். "மொளகா அரைச்சு மாட்ட மீட்டது இவ ஒருத்தியாத்தான் இருப்பா. ஓட்டீட்டுப் போ அம்மிணி. ஆனா ஒண்ணு. மணி அடிச்சுதுல்ல, சும்மா ஆட்டம் ஒண்ணு இருக்குது. நஞ்சப்பன நிறுத்தச் சொல்லீட்டு அதையும் ஆடு. உன்ற கை எப்படீன்னு பாக்கலாம்."

மில் நின்றது. பல்பு வெள்ளையாயிற்று. பழனாத்தாள் ஆடினாள். மொத்தம் மூன்று.

அன்று சந்தை கலையும் வரை அந்த மூன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது அவள்தான். செவலையை ஓட்டிக்கொண்டு போகும் வேலை காளிச்சாமிக்கு வந்தது. பழைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டின் பின்காலுக்கு எட்டாத தூரத்தில் நடந்தார்.

"ஒன்பதாவது உழுந்தப்ப நீங்களும் கத்துனீங்களா?" என்று அன்று சோறு போடும்போது கேட்டாள்.

"எவன் சொன்னான்?" என்றார். பிறகு, "மோர் ஊத்து" என்றார்.

சித்திரையில் அழகுமலை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு சந்தைக்குப் போனான். ஈஸ்வரமூர்த்தி மட்டும் வாராவாரம் கொட்டகை முன்னால் வந்து நின்று, சந்தைக்கே கேட்கிற மாதிரி, "மூணம்மிணி, ஒரு டீ" என்பார்.

"செவலைப் பால்தானுங்ண்ணா" என்று டம்ளரை நீட்டுவாள் பழனாத்தாள். "பாத்துக் குடிங்கொ. கயிறு மாத்தாத மாடு, தொண்டைக்குள்ள நிக்கப்போகுது."