ஐந்தாவது தடவை

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். இது செல்போன் பரவலாகாத சமயத்தில் நடந்தது. அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி, ஊர் திரும்பும்போது தன் பழைய போனை எனக்குத் தந்தார். செய்யூரில் மகள் நிறைமாதமாக இருந்ததால் ஆசையாக வாங்கிக்கொண்டேன். ஆனால் நம்மூர் சிம்மை அது ஏற்கவில்லை. அவர்கள் நாட்டுக் கம்பெனி பூட்டி வைத்திருந்ததாம்.

செங்கல்பட்டில் ஒரு போன் கடைக்காரர், அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசிய எண் தெரியாமல், குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்த்தார்.

"எத்தினி தபா போடலாம்?" என்றேன்.

"அஞ்சு தபாக்கா. நாலு ஆயிடுச்சு. இதுவும் தப்புனா தொறக்கவே தொறக்காது."

போனைப் பிடுங்கிக்கொண்டேன். விடுதி மேலாளரிடம் சொல்லி அந்தப் பெண்மணிக்கு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. விடாமல் தினமும் அனுப்பச் சொன்னேன். பத்தாம் நாள், கம்பெனியிடம் கேட்டு வாங்கிய எண்ணை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழுத்தினேன். திறந்துகொண்டது! உடனே மகள் வீட்டுக்குப் பேசினேன்.

"யாரு போன்லம்மா பேசற?"

"என் போன்டி!"

இப்போதெல்லாம் யாராவது "சும்மா போட்டுப் பாக்கலாம்" என்றால், தப்பானால் என்ன ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.