இடப்பக்கக் கருப்பு

அல்லிநகரத்தில் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கும் ஜெபஷீலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. காற்றில் பறக்கும் மணப்பெண்ணின் முடியைக்கூடப் பின்னணியிலிருந்து சுத்தமாகப் பிரித்துவிடுவாள். மற்ற ஸ்டுடியோக்காரர்களே சிக்கலான படங்களை அவளிடம்தான் அனுப்பினார்கள். அப்படிப்பட்டவள் நட்சத்திரங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் காமயகவுண்டன்பட்டியில், தோழி ஹேமாவதியின் திராட்சைத் தோட்டத்தில் கேமராவை வைத்து, ஐந்து இரவுகள் ஓரியன் நெபுலாவைப் படமெடுத்திருந்தாள். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கச் சேர்க்கச் சிவந்த வாயு மேகம் லேசாகத் தெரிந்தது. மேகத்தை மட்டும் பிரகாசமாக்க வேண்டும், நட்சத்திரங்கள் ஊதிவிடக் கூடாது. அதற்காக நட்சத்திரங்களை மூடும் மாஸ்க் ஒன்று செய்தாள். மாஸ்க் மூடிய இடத்தில் எந்த மாற்றமும் விழாது.

மேகத்தின் ஒளியைக் கூட்டியதும் ஒவ்வொரு நட்சத்திரத்தின் இடப்பக்கமும் மெல்லிய கருப்புப் பிறை ஒன்று விழுந்தது. மாஸ்க்கைச் சுருக்கினாள், நட்சத்திரம் ஊதியது. பெரிதாக்கினாள், பிறை தடித்தது. ஓரத்தை மங்கலாக்கினாள், பிறையோடு பக்கத்து மேகமும் அழுக்கானது. பெரிய நட்சத்திரங்களுக்கும் சின்னவற்றுக்கும் தனித்தனி மாஸ்க் போட்டும் பார்த்தாள். மூன்று வாரம் போய்விட்டது. மதுரையில் வானியல் மன்றம் ஒன்று நடத்தும் கண்காட்சிக்குப் படம் அனுப்ப வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி.

அன்று மதியம் கணவர் வைகுண்டராஜ் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. அனுப்பிவிட வேண்டியதுதானே?"

"இங்கன பாருங்க. கருப்பு தெரியலையா?"

"எங்கன? எனக்கு ஒண்ணுந் தெரியல ஷீலா."

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க. எல்லாத்துக்கும் இடது பக்கம், ஒரே அளவுல..."

பேச்சை நிறுத்திவிட்டாள். மாஸ்க்கின் ஓரத்தில் பிழை என்றால் சுற்றிலும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

கோப்புகளின் தேதியைத் தேடினாள். மூன்று இரவுப் படங்களைச் சேர்த்தபோது செய்த மாஸ்க் அது. பிறகு மீதி இரண்டு இரவுகளையும் சேர்த்ததில் படம் இரண்டு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்திருந்தது, மாஸ்க் நகரவில்லை. அவள் பழைய மாஸ்க்கையே திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சாப்பிட்டுட்டுப் பாரு" என்றார் அவர்.

"நீங்க சாப்பிடுங்க."

ஐந்து இரவுப் படத்திலிருந்து செய்த புதிய மாஸ்க்கில் பிறைகள் மறைந்தன. ஆனால் நெபுலாவின் பளிச்சென்ற நடுப்பகுதியையும் நட்சத்திரம் என்று எண்ணி அது மூடியிருந்தது. அந்த இடத்தைக் கையாலேயே அழித்துச் சரிசெய்து படத்தை அனுப்பியபோது மணி ஐந்து பன்னிரண்டு.

இரவு சாப்பிடும்போது வைகுண்டராஜ் கேட்டார். "மதுரையில என்ன சொன்னாக?"

"நேரம் முடிஞ்சிருச்சுன்னாக."

"பன்னெண்டு நிமிசந்தானே? போன் போட்டுக் கேப்பமா?"

"வேணாங்க. தப்பு என்னோடது. முத நாளே மாஸ்க்கோட தேதியப் பாத்திருக்கணும்."

மறுநாள் ஸ்டுடியோவைத் திறந்ததும் பழைய மாஸ்க்குகளை அழிக்க உட்கார்ந்தாள். இருபத்தேழு இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். மூன்று இரவுப் படத்துக்கு ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.