கோட்டுக்கு வெளியே இவோ

டெண்டர் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இவோவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மனுஷன் போட்டால் கோடு அப்படி நேராக இருக்கும். சாலையோரம் சைக்கிள் பாதைக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வெள்ளைக் கோடு இழுப்பதுதான் அவன் பிழைப்பு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறெதில்தான் கர்வப்படுவான்? சமையல் வராது, தோட்டத்தில் வைத்ததெல்லாம் பட்டுப்போகும்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் நீளம். தடுப்பு ஏதும் இல்லாமல் வெறும் பெயிண்டில் போட்ட பாதைக்கு இங்கே 'கொலைப்பட்டை' என்றுதான் பெயர். பியர் கடைக்குள் இவோ கால் வைத்தால் போதும், யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன இவோ, இன்னிக்கு எந்தத் தெருவுல கொலைப்பட்டை?"

"நீ கார் ஓட்டற தெரு எல்லாமே கொலைப்பட்டைதான்டா," என்று அவனும் விடமாட்டான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான், ஆனாலும் உள்ளே சுருக்கென்று தைக்கும்.

அவன் மனைவி ஹில்டே வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை, எங்கே போனாலும் சைக்கிள்தான். வயதானவர்களுக்கு இன்சுலின் போடுவாள், குளிப்பாட்டுவாள், வீங்கிய காலுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். போன மார்ச்சில், இவோ போட்ட பாதையில் போய்க்கொண்டிருந்தபோதே, ஒரு ரொட்டி வேனின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் அடித்துவிட்டுப் போனது. வேன் நிற்கவில்லை. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, தைரியம்தான் போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல சொல்லிடப் போறேன், வேலைய விட்டுடறேன்னு," என்றாள் ஒருநாள் காலை, ரொட்டியில் சாக்லேட் தடவிக்கொண்டே.

இவோவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "கோட்டுக்குள்ள போறவளை எவன் வந்து இடிக்கப் போறான்? நீதான் பயந்துகிட்டுத் தள்ளாடியிருப்பே. பதினஞ்சு வருஷமா நான் அந்த ரோட்டுல முட்டி போட்டு வேலை செய்யறேன். எனக்கு என்ன ஆச்சு?"

அடிபட்டவளிடம் பேசுகிற பேச்சா இது?

ஹில்டே கத்தியைக் கீழே வைத்தாள். "நீ முட்டி போட்டப்போ உன் பின்னாடி என்ன நின்னுச்சு?"

"என்ன நின்னுச்சு?" என்றான் அவன்.

"அம்புக்குறி மின்னுற லாரி நின்னுச்சு. எவன் வந்தாலும் முதல்ல அதுமேலதான் மோதணும். எனக்குப் பின்னாடி யாரு இருக்கா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் வீம்பு விடுமா? மறுநாள் காலை அவனும் சைக்கிளை எடுத்தான். முன்னால் போய், எப்படி ஓட்டுவதென்று அவளுக்குக் காட்டித்தரப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் வராத ஆற்றோரப் பாதையில் ஓட்டுகிற ஆள் அவன். வேலைக்குப் போகும் நேரத்து நெரிசலில், தான் போட்ட கோட்டுக்குள் ஒருநாளும் ஓட்டியதில்லை.

தேவாலயத்தைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை, விலகவும் இல்லை. கோடு வரைக்கும் என் இடம் என்பதுபோல ஒவ்வொரு காரும் கோட்டை ஒட்டியே வந்தது. கோடு இல்லாத காலத்தில் சைக்கிளைக் கண்டால் கொஞ்சமாவது ஒதுங்கிப் போவார்கள். பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி அவன் தோளை ஒட்டிக் கடந்தபோது அந்தக் காற்றில் சைக்கிள் ஆடி, நடைபாதை விளிம்பில் மோதி நின்றது. காலை ஊன்றி நின்றான்.

ஹில்டே பின்னால் வந்து நின்றாள். பார்த்தியா என்று கேட்பாள் என நினைத்தான். அவள் கேட்கவில்லை.

"இதுலயா தினமும் போறே?" என்று அவன்தான் கேட்டான்.

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே, இவோ."

வெட்கம் பிடுங்கித் தின்றது அவனை. அன்று சாயங்காலம் மேஸ்திரிக்குப் போன் போட்டு, இனி காலையில் அரைமணி தாமதமாகத்தான் வருவேன் என்று சொன்னான்.

மறுநாளிலிருந்து ஹில்டே கோட்டுக்குள் போனாள். இங்கே வண்டிகள் சாலையின் வலதுபக்கம்தான் போகும்; இவோ அவளுக்கு இடதுபக்கம், கோட்டுக்கு வெளியே, கார்கள் வரும் இடத்தில் போனான். ஹார்ன் அடித்தார்கள், ஜன்னலை இறக்கி அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் திட்டினார்கள். ஆனால் எல்லோரும் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை ஒரு பெண் போலீஸ் இவோவைக் கை காட்டி நிறுத்தினாள்; ஹில்டேவும் கூடவே நின்றாள்.

"சார், சைக்கிளுக்குன்னு அங்க பாதை போட்டிருக்கு, தெரியலையா?"

"தெரியும் மேடம். நான்தான் போட்டேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "போட்டவரே வெளிய போனா எப்படி?"

"அதுக்குள்ள என் பொண்டாட்டி போறா. அவளை எவனும் உரசக் கூடாது."

"எத்தனை நாளைக்கு இப்படிப் போவீங்க?"

"நாளையோட முடிஞ்சிடும் மேடம். நாளைக்கு இவ வேலைய விடறா."

"யாரு சொன்னா?" என்றாள் ஹில்டே. "நான் விடல."

இவோ திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பெடலை மிதித்துக் கிளம்பிவிட்டாள். அவன் போலீஸ்காரியைப் பார்த்தான். "அபராதம் எழுதறதுன்னா சீக்கிரம் எழுதுங்க மேடம், அவ தனியா போறா."

"போங்க சார்," என்றாள் அவள்.