தி. நகரிலிருந்து ராயப்பேட்டை லேபுக்கு, ஒரு மணி நேரத்துக்குள்

குழந்தைக்காக வைத்தியம் பார்க்கச் சென்னை போகப்போவதாக மூன்று நான்கு பேர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தீர்கள். நாங்கள் அதற்காகப் போனது 1973 ஆகஸ்டில். எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்போது கல்யாணமாகி ஆறு வருஷம். அத்தை, அதாவது என் மாமியார், என் கணவருக்கு இரண்டாம் தாரமாகச் சாத்தூரில் ஒரு பெண் பார்த்துவிட்டார்கள். "ஒரு தடவை மெட்ராஸ்ல காட்டிட்டு வந்துருதோம்மா" என்று அவர் பதினைந்து நாள் அவகாசம் வாங்கினார்.

கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர், பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தே பயணம். காலையில் எழும்பூரில் இறங்கினோம். தி. நகரில் அவருடைய சித்தப்பா மகன் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடை மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து மயிலாப்பூருக்கு நாலு கிலோமீட்டர், பஸ்ஸில் இருபது பைசா. லஸ் பக்கம் ஒரு பெண் டாக்டர், ஃபீஸ் பதினைந்து ரூபாய். என் துணிப்பையில் ஆறு வருஷத்துச் சீட்டுகள் இருந்தன: மாத்திரை, ஊசி, மதுரையில் இரண்டு தடவை கர்ப்பப்பையைச் சுரண்டியது. டாக்டர் ஒன்று விடாமல் படித்தார்.

"எல்லாம் உங்க சீட்டா இருக்கு. சாரோடது எங்கே?"

"எனக்கு என்ன டாக்டர்? நான் நல்லாத்தான இருக்கேன்" என்றார் என் கணவர்.

"நன்னா இருக்கறவாளும் டெஸ்ட் பண்ணிக்கலாம்."

பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கருமுட்டை சரியாக வராவிட்டால் மாத்திரை இருக்கிறது. கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். கணவனுக்கு விந்தணுக்கள் குறைவென்றால் சிலருக்குச் சின்ன ஆபரேஷன் உதவும். சிலருக்குக் கணவனுடைய விந்தையே ஊசிக்குழலில் எடுத்து மனைவியின் கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள். இல்லாவிட்டால் தத்தெடுக்கலாம். (சோதனைக்குழாய்க் குழந்தை எல்லாம் அப்போது கிடையாது.) "எதுக்கும் கேரண்டி தர மாட்டேன். ஆனா கோளாறு எங்கேன்னு தெரியாம மருந்தும் தர மாட்டேன்" என்றார்.

மறுநாள் எனக்கு எக்ஸ்ரே. நல்ல வலி, அரை மணி நேரத்தில் முடிந்தது. குழாயில் அடைப்பு இல்லை.

இனி அவர் முறை. லேப் ராயப்பேட்டையில். தங்கியிருக்கும் இடத்திலேயே விந்தைப் பாட்டிலில் எடுத்து, உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கவேண்டும். இரண்டு நாள் ஏதேதோ சாக்குச் சொன்னார். மூன்றாம் நாள் காலை நான் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

"என்ன செய்யுத?"

"ஊருக்குப் போவோம். சாத்தூர்ப் பொண்ணைக் கட்டிக்கோங்க. ஆறு வருஷம் கழிச்சு அவளையும் இதே டாக்டர்ட்ட கூட்டிட்டு வாங்க."

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

எட்டு பத்துக்குப் பாட்டிலை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். பனகல் பார்க்கில் ஆட்டோ பிடித்தோம். தேனாம்பேட்டை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி நிதானமாக எஞ்சினைத் தட்டினார்.

"இன்னா சார் இம்மாம் அவசரம்? ஆஸ்பத்திரி எங்க ஓடிப்போவுது, அங்கயேதான் கீது."

"அண்ணே, நேரமானா மருந்து கெட்டுப்போயிரும்" என்றேன்.

"இத்த மொதல்லயே சொல்றதில்ல?" என்று நடுரோட்டில் கையை விரித்து நின்று, இன்னொரு ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். காசும் வாங்கவில்லை. "மருந்தா?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவரும் சிரித்துவிட்டார். லேப் வாசலில் மணி எட்டு ஐம்பத்தைந்து.

ஒரு தடவைக் கணக்கை நம்பக்கூடாது என்று டாக்டர் நாலு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். இரண்டு தடவையும் அணுக்கள் மிகக் குறைவு. அவரைச் சோதித்துப் பார்த்ததில் விதைப்பையில் நரம்பு புடைத்திருந்தது; அதற்குத்தான் அந்தச் சின்ன ஆபரேஷன் என்றார். எனக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும், அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகிவிட்டது. வெளியே வந்து "ஆறு வருஷமா உன்னையப் போட்டு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மயிலாப்பூர்த் தெருவில் பட்டப்பகலில், அந்தக் காலத்தில்.

ஊர் திரும்பிய காலை அத்தை வாசலிலேயே கேட்டார்கள். "என்ன சொன்னா டாக்டர்? இவளுக்குப் பொறக்குமாமா?"

"இவளுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. கொறை எனக்குத்தான். சாத்தூருக்குச் சொல்லி அனுப்பிருங்க."

அத்தை என்னைப் பார்த்து, "காப்பி குடிச்சியா தாயி?" என்றார்கள்.

அடுத்த மாதம் அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் அவருக்கு ஆபரேஷன், மூன்று நாள் தங்கினோம். ஒன்றரை வருஷம் கழித்து மகள் பிறந்தாள். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். அன்றைய முறைகள் வேறு, இன்றைக்கு உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பழைய சீட்டுகளை விடாமல் எடுத்துப் போங்கள். லேபுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். முக்கியமாக, உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள். முதல் நாளே.