கட்டிவிட்ட மூன்றாவது கியர்

லாரி கியர்பாக்ஸ் வேலையில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. உத்தமபாளையத்தில் என் பட்டறைக்குள் வண்டி நுழையும்போதே, சத்தத்தை வைத்து எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரும் எனக்கு நிறையவே இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சொந்த லாரியில் மார்க்கையன்கோட்டை வாழைத்தார் ஏற்றிக் கேரளாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் லோடோடு வந்து நின்றார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். அடி நட்டைக் கழற்றி கியர் ஆயிலைக் கையில் ஏந்திப் பார்த்தேன். இரும்புத்தூள் மினுமினுத்தது. பல் முனையெல்லாம் மழுங்கிவிட்டது. கியர் பெட்டியை இறக்கிப் பிரிக்காமல் தீராது.

“ரெண்டு நாள் ஆகும் மச்சான்,” என்றேன்.

“தார் வெட்டி ஏத்தியாச்சு மாப்ள. ரெண்டு நாள் நின்னா சந்தையில எடுக்க மாட்டாக. இந்த ஒரு நடைக்கு டியூப்பைக் கட்டி விடு. திரும்பி வந்ததும் பிரிச்சுப் போட்டுருவோம்.”

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் செய்கிற ஒட்டுவேலைதான். பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து, கியர் கம்பியைச் சீட்டின் காலோடு இழுத்துக் கட்டினால் கியர் கழலாது. சமதளமான கம்பம் ரோட்டுக்கு அது போதும். குமுளி தாண்டி முண்டக்கயம் மலை இறக்கத்துக்குப் போதாது. அவரைவிட எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். சாவியைத் தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, “தாங்கும், போங்க” என்றேன். பெரிய மேஸ்திரி!

இறக்கத்தில் டியூப் அறுந்தது. வண்டி நியூட்ரலில் ஓட, மிதித்து மிதித்து பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போக, வேறு வழியில்லாமல் மலைப்பக்கம் ஒடித்து மோதினார். ரோட்டில் மற்ற யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தமெல்லாம் நின்றபோது, எப்படி ஆச்சு என்று அக்கா அழுதுகொண்டே கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: “டீசல் மிச்சமாகுமேன்னு நியூட்ரல்ல விட்டுட்டேன். புத்தி கெட்டுப்போச்சு.”

எல்லோரும் நம்பினார்கள். இறக்கத்தில் அப்படி விடுகிற டிரைவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பயம்; அப்புறம், இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்ற வெட்கம்.

அக்காவுக்கு வாய் நீளம். அவர் கட்டையை ஊன்றி எழும்பும்போதெல்லாம், “சொட்டு டீசலுக்குக் காலைக் குடுத்த மகராசன்” என்று வைவாள். என் தட்டில் சோறு வைத்துக்கொண்டே வைவாள். அவரோ எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்வார். அதை எப்படித்தான் தின்றேனோ, தின்றேன்.

போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்திருந்தவள், மூலையில் கிடந்த அவருடைய ஊன்றுகட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவுக இருக்கையில சொல்லியிருந்தா, அந்த மனுசனை ஒரு நாளாவது வையாம இருந்திருப்பேனேடா,” என்றாள்.