இருபதடித் தண்ணீருக்குள் தாளித்த கதை

புளித்த பால் மணம்...

எழுபதுகளில், மெல்பேர்னில், விண்வெளிக்கு அந்த மணம்தான் இருந்தது. சிரிக்காதீர்கள். பத்து நாள் அதற்குள் கிடந்தவன் சொல்கிறேன்.

நான் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்க வந்தவன். எங்கள் புரொபசருக்கு ஒரு யோசனை. விண்வெளிக்குப் போகிறவர்கள் சின்னக் கூட்டுக்குள் நாள்கணக்காக அடைந்து கிடக்க வேண்டும். அலுத்துவிட்டது என்று இறங்கி வீட்டுக்குப் போக முடியாது. அதைப் பழகத் தண்ணீருக்கடியில் வாழ்ந்து பார்த்தால் என்ன?

நகரத்துக்கு வெளியே தண்ணீர் நிரம்பிய பழைய கல்லுக்குவாரி ஒன்று இருந்தது. கழித்துவிட்ட பால் லொறியின் தாங்கியை, அந்தப் பெரிய பால் டாங்கை, தண்டவாள இரும்பு கட்டி அதில் இருபதடி ஆழத்துக்கு இறக்கினார்கள். ஆள் நுழைய அடியில் ஒரு ஓட்டை. மேலேயிருந்து குழாயில் வரும் காற்று தள்ளுவதால் தண்ணீர் அந்த ஓட்டையோடு நின்றுவிடும்... நிற்கும் என்றுதான் சொன்னார்கள்.

உள்ளே இரண்டு பேர். ஒருவன் கெவின், ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளைக்காரப் பெடியன். விண்வெளிக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. பத்து நாளும் முழுசாக இருந்தால் அந்த ரிப்போர்ட்டை அப்ளிகேஷனோடு வைத்து அனுப்பலாம். இடையில் யாராவது ஒருவர் தலையை வெளியே நீட்டினாலும் சோதனை முடிந்தது. அவன் கனவும் முடிந்தது.

மற்றவன் நான். மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டியைச் செய்தவன் என்பதால் அதைக் கவனிக்க என்னையும் உள்ளே போட்டுவிட்டார்கள். ஆக, காற்று என் பொறுப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு ரின்னில் அடைத்த பீன்ஸ். காலையும் பீன்ஸ், இரவும் பீன்ஸ். அந்த அழுத்தத்தில் நாக்கு வேறு மரத்துவிடும். மேலே கரையில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தவன் செல்வம், என் ரூம்மேட், ஊர்க்காரன். நாங்கள் பேசுவதைக் கொப்பியில் எழுதுவது அவன் வேலை. ஆறாம் நாள் அவனிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"மச்சான், ஏலாதடா. ஈரக் கடதாசி தின்னுற மாதிரி இருக்கு."

அவன் அதைக் கொப்பியில் எழுதவில்லை.

அடுத்த நாள் தண்ணீர் புகாத டிரம்மில் துவைத்த சொக்ஸ் வந்தது. ஒன்றுக்குள் செத்தல் மிளகாய், அவன் ஊரிலிருந்து சூட்கேசில் கொண்டுவந்தது. மற்றதுக்குள் கடுகும் வெங்காயமும், சின்னப் போத்தலில் எண்ணெயும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிஷத்தில் கெவினுக்கும் கலங்கியது.

ஹொட்பிளேட்டில் எண்ணெய் வைத்தேன். கடுகு வெடித்தது. என்ன சுகமான சத்தம்! கை நிறைய மிளகாயைப் போட்டேன். காற்றுப் பெட்டி செய்த மகாராசனுக்கு அங்கே ஜன்னல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இருமல் என்றால் உங்கள் வீட்டு இருமல் இல்லை... தாங்கியே அதிர்ந்தது. என் பெட்டி கரியமில வாயுவுக்குச் செய்தது, மிளகாய்க்கு இல்லை. மேலே புரொபசர் கத்துவது ரெலிபோனில் கேட்டது. விஷவாயு! டைவர்களை இறக்குங்கள்!

கெவின் ஓட்டை விளிம்பில் இருந்தான். கால் இரண்டும் தண்ணீருக்குள், முகம் தக்காளி. ஒரு முங்கு முங்கினால் வெளியே போய்விடலாம். போகவில்லை.

"நான் மேலே போக மாட்டேன், மேட்... இது விஷமா?"

"இல்லை. சாப்பாடு."

அவன் பார்த்த பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு பிடி மிளகாய்க்காக அவன் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேனே என்று ஹொட்பிளேட்டை அவசரமாக அணைத்தேன்.

ரெலிபோனில் செல்வம் வந்தான்.

"அடேய், என்னடா செய்தனி?"

"தாளிச்சனான்."

"அதுக்குள்ளயோ?"

"வேற எங்க தாளிக்கிறது?"

"நாசமாப் போவானே! இஞ்ச டைவர்மார் குதிக்கப் போறாங்கள்!"

செல்வம் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விதியை மீறி சாமான் அனுப்பியவன் அவன். ஆனாலும் அத்தனை பேருக்கு முன்னால் புரொபசரிடம் போய், "சேர், அது என்ர மிளகாய்" என்று ஒப்புக்கொண்டான். அவர் நம்பவில்லை. பையிலிருந்த மிச்சத்தை எடுத்து ஒன்றைக் கடித்துக் காட்டினானாம். புரொபசரும் ஒன்றைக் கடித்தார். அதோடு டைவர்கள் நின்றார்கள்.

காற்றை முழுசாகத் திறந்துவிட்டதில் ஒரு மணித்தியாலத்தில் தாங்கி தெளிந்தது. கொப்பியில் செல்வம் எழுதினான்: "காற்றில் மிளகாய். ஆள் சேதம் இல்லை." கெவின் தாளித்த பீன்ஸில் இரண்டு கோப்பை சாப்பிட்டான். மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டு, தனக்கு நாக்கு இருக்கிறது என்று ஒரு கிழமைக்குப் பிறகு தெரிகிறது என்றான்.

பத்து நாளும் இருந்தோம். ராக்கெட் விடும் நாட்டுக்கு அப்ளிகேஷனும் போனது. தங்கள் நாட்டுப் பிரஜைகளை மட்டுமே எடுப்போம் என்று பதில் வந்தது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்... கெவின் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பித்து ரிட்டயர் ஆனான்.

இப்போது நான் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் மகன் வீட்டில். குசினி மட்டும் அந்தப் பால் தாங்கியைப்போல் மூன்று மடங்கு. ஆனால் கடுகு வெடித்தாலே ஸ்மோக் அலாரம் கத்தும். அதனால் என் சமையல் கராஜில்தான். போன மாதம் கெவின் வந்திருந்தான். வெளியே மழை, ரோலர் கதவைச் சாத்திவிட்டு ஒரு பிடி மிளகாயைப் போட்டேன். இரண்டு கிழங்களும் இருமிய இருமலில் மருமகள் ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"மாமா! உள்ளுக்க என்ன செய்யிறியள்?"

"தாளிக்கிறன் பிள்ளை."

"கராஜ் கதவைச் சாத்திப்போட்டோ?"

"வேற எங்க தாளிக்கிறது?"

சொன்ன பிறகுதான் இதே பதிலை முன்பு யாருக்குச் சொன்னேன் என்று ஞாபகம் வந்தது. செல்வம் போய் நாலு வருஷம். கெவினும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "செல்வம் இருந்திருந்தால் இந்நேரம் போன் அடித்திருப்பான்" என்றான்.

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மிளகாய் நல்ல உறைப்பு.