குருநகர் மீன்காரர்

உரும்பிராயில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கைக்கு அவர் முதன்முதல் வந்தபோது, சைக்கிளில் கட்டியிருந்த மீன்பெட்டி வெறுமையாக இருந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கதைக்கும்போது முகத்தைப் பாராமல், என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள்ளேயே பார்ப்பார்.

"இஞ்சை எத்தினை சனம், தங்கச்சி? பஸ் றோட்டுக்குப் போக வேறை வழி இருக்கோ?"

"மீன் விக்கிறவருக்கு உதெல்லாம் ஏன், அண்ணை?"

"எவ்வளவு கொண்டாறது, எதாலை வாறது எண்டு தெரிய வேணுமெல்லே."

இளம் பெடியளைப் பிடித்துக்கொண்டு போகும் ஆமிக்குப் பயந்து என் அண்ணனின் மகன்மார் இருவர் எங்கள் வீட்டில் ஒளிந்திருந்த காலம் அது. நானும் கணவரும் மட்டும்தான் என்றேன்.

அடுத்த கிழமை மீனோடு வந்தார். என் பொய்க்கு ஏற்றபடி இரண்டு துண்டு பாரை மீன் கேட்டேன். நாலு துண்டு வெட்டித் தந்தார்.

"உள்ளுக்கை இருக்கிறவைக்கும் வேணுமெல்லே."

மத்தியானமே பிள்ளைகளைச் சாவகச்சேரிக்கு அனுப்பிவிட்டேன், அந்த மீனையே பொரித்துச் சோற்றோடு கட்டிக் கொடுத்து.